கோட்டுக்குக் கீழே

பெருனிகா கப்பல், நங்கூரத்தில்
3 பிப்ரவரி 2004

அன்புள்ள ராலி அக்கா,

கப்பல் அசையவில்லை. இன்றோடு பதினோரு நாள். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். சரக்குக்காரருக்கும் எங்கள் கப்பல் முதலாளிக்கும் ஏதோ தகராறாம். கேப்டனைக் கேட்டால் "ரெண்டு வாரம்" என்கிறார். அவர் எதைக் கேட்டாலும் இரண்டு வாரம் என்பார், பல்வலிக்குக்கூட.

இப்போது புகாருக்கு வருகிறேன். நீ கணினியில் எழுதி வைத்திருக்கிற சல்லடை நல்ல சல்லடைதான், மறுக்கவில்லை. கடிதத்தோடு இணைத்து வருகிற கோப்புகளைப் பிரித்து, படம், முத்திரை, வண்ணம் எல்லாவற்றையும் நம் ஊர் வர்ணாவிலேயே உதறிவிட்டு, வெறும் எழுத்தை மட்டும் எங்களுக்கு அனுப்புகிறாய். அது இல்லாவிட்டால் எங்கள் செயற்கைக்கோள் வழியில் ஒரு கடிதம் இறங்க ஒரு பகல் ஆகும். ஆனால் எங்கள் கப்பல் அலுவலகத்துக்காரர்கள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே "இந்தக் கடிதம் ரகசியமானது, உரியவரைத் தவிர வேறு யாரும் படிக்கக் கூடாது" என்று மூன்று மொழிகளில் பதினைந்து வரி எழுதுகிறார்களே, அது என்ன வியாதி? ஐந்து பக்கம் வந்தால் ஐந்து முறை அதே பாட்டு. பாதியில் வழி அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. எங்கள் சமையல்காரர் ஸ்தமாத் நேற்றுச் சொன்னார்: "அந்த ரகசியத்த எங்கிட்ட ஒருதடவ சொல்லிடச் சொல்லுப்பா, நான் ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்சிடறேன்."

கோட்டுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடேன், அக்கா. உனக்கு அது ஒரு காப்பி குடிக்கிற நேரத்து வேலை.

நெவேனாவிடம் சொல்: மே 24, பள்ளி முடிப்பு விருந்துக்கு வீட்டு வாசலில் அப்பா நிற்பான். கையைப் பிடித்துப் படி இறக்கி வருவது நான்தான். அவள் அம்மா ஸ்பெயினிலிருந்து வர மாட்டாள் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நானும் இல்லையென்றால் பிள்ளைக்கு யார்?

யாவோர்

வர்ணா
5 பிப்ரவரி

யாவோர்,

நலம் விசாரிக்க ஒரு வரி கிடையாது, வந்ததும் வராததுமாகப் புகார். நான் நன்றாக இருக்கிறேன், கேட்டதற்கு நன்றி.

வெட்டிவிட்டேன். காப்பி குடிக்கிற நேரம் இல்லை, ஒரு முழு மதியம் ஆனது. பக்கத்தின் அடியில் கோடு கண்டால், அதற்குக் கீழே உள்ள எதுவும் இனி வராது. உன் ஒருவனுக்காகச் செய்யப் போய் முப்பது கப்பல்களுக்கும் சேர்த்துச் செய்தாயிற்று. என் முதலாளி குன்செவ் ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, "இத முன்னாடியே ஏன் செய்யல?" என்கிறார். முதலாளி என்றால் அப்படித்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது. பத்துக் கடிதங்களைப் போட்டுச் சோதித்தேன், சுத்தமாக வந்தன.

ஒன்று நினைவில் வை. உனக்கு என்ன போனதோ அதன் நகல் நாள், மணியோடு இங்கே தங்குகிறது. "வரவே இல்லையே" என்று கதை விடாதே.

நெவேனா துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்குகிறாள். என் முட்டிதான் தேய்கிறது.

ராலிட்சா

பெருனிகா
27 பிப்ரவரி

அக்கா,

நிறைய நடந்துவிட்டது. கேப்டன் போய்விட்டார். நெஞ்சு வலி என்று படகில் இறக்கினார்கள், உண்மையாகவே வலியா என்று கேட்காதே. முதல் அதிகாரியான நான்தான் இப்போது எல்லாம். கப்பல் முதலாளி அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பார் இல்லை. இந்த ஊர் நீதிமன்றம் கப்பலைப் பிடித்து வைத்துவிட்டது.

நேற்றுத் துறைமுக முகவர் படகில் வந்து, இந்த ஊர் மொழியில் ஒரு தாளை நீட்டினார். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. நல்ல வேளை, நிறுவனத்து வக்கீல் அதன் பல்கேரிய மொழிபெயர்ப்பை முந்தின நாளே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். உன் சல்லடை வழியாக இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டது. ஒரு பக்கம்தான். கப்பல் பிடிக்கப்பட்டதை அறிந்துகொண்டேன், சரக்கைத் தொடமாட்டேன், அவ்வளவுதான். ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். கையெழுத்துப் போட்டு, கப்பல் முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

ஆட்களை இரண்டிரண்டு பேராக ஊருக்கு அனுப்பப் போகிறார்களாம். மார்ச் கடைசிக்குள் என் முறை வந்துவிடும். நெவேனா கொடுத்தனுப்பிய சிவப்பு வெள்ளை நூலை நம் ஊர் வழக்கப்படி மார்ச் ஒன்றாம் தேதி கையில் கட்டிக்கொள்வேன். நாரையைப் பார்த்தோ பூத்த மரத்தைப் பார்த்தோ அவிழ்க்க வேண்டுமே, அதற்கு ஊருக்கே வந்துவிடுவேன்.

யாவோர்

பெருனிகா
20 மார்ச்

ராலி அக்கா,

என்னை இறக்க மறுத்துவிட்டார்கள்.

பையைக் கட்டி, முகம் மழித்து, படகு வந்ததும் ஏணியில் கால் வைத்துவிட்டேன். படகில் வந்த துறைமுகக் காவல்காரன் கையை நீட்டித் தடுத்தான். முகவர் மொழிபெயர்த்தார்: "உங்களால போக முடியாது. நீங்கதான் இந்தக் கப்பலுக்குப் பொறுப்பான காவலர். கையெழுத்துப் போட்டிருக்கீங்களே." என்ன காவலர், யார் சொன்னது என்று கத்தினேன். நான் போட்ட கையெழுத்தையே காட்டுகிறான். கப்பல் விற்கும் வரை நான் இதை விட்டு நகரக் கூடாதாம். எப்போது விற்கும் என்றால் தோளைக் குலுக்குகிறான். பக்கத்தில் துருப்பிடித்து நிற்கிற கப்பல் மூன்று வருஷமாக விற்கவில்லை என்றான். ஆறுதலுக்குச் சொன்னானா, வயிற்றெரிச்சலைக் கிளப்பச் சொன்னானா, தெரியவில்லை.

நான் படித்த தாளில் அப்படி ஒரு வரியும் இல்லை, அக்கா. சத்தியமாக இல்லை. வக்கீல் அனுப்பிய மூலக் கோப்பு உங்கள் அலுவலகத்தில் இருக்கும் அல்லவா, எடுத்துப் பார். அந்த வக்கீல் ஏமாற்றியிருக்கிறான். அவனை விடக் கூடாது.

மீதம் ஆறு பேர்.

யாவோர்

வர்ணா
23 மார்ச்

தம்பி,

கடிதம் கிடைத்தது. பார்க்கிறேன். வக்கீல் வெளியூரில் இருக்கிறாராம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. நெவேனாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ராலிட்சா

பெருனிகா
2 ஏப்ரல்

அக்கா,

பத்து நாளாகக் காத்திருந்தேன். "பார்க்கிறேன், சாப்பிடு." இது என் அக்கா எழுதிய கடிதமா, மருத்துவமனைச் சீட்டா?

எண்ணெய் குறைந்துவிட்டதால் ஜெனரேட்டரை மதியம் இரண்டு மணி நேரம்தான் ஓட்டுகிறோம். அந்த இரண்டு மணி நேரத்தில் குடிநீர் ஏற்ற வேண்டும், ஸ்தமாத் சமைக்க வேண்டும், நான் உன் கடிதம் வந்ததா என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். மற்ற ஆட்கள் எல்லோரும் போயாயிற்று. நானும் அவரும்தான். மேல்தளத்தை நீளவாக்கில் நடந்தால் நூற்றுப் பன்னிரண்டு காலடி. திரும்பினால் மறுபடி நூற்றுப் பன்னிரண்டு. நேற்று நூற்றுப் பதின்மூன்று வந்தது, பயந்துபோய்த் திரும்ப எண்ணினேன்.

கையில் கட்டிய நூல் சாம்பல் நிறமாகிவிட்டது. இங்கே நாரையும் இல்லை, மரமும் இல்லை. "கடல் காக்காயே போதும், அவுத்துப் போடுப்பா" என்கிறார் ஸ்தமாத். மனது வரவில்லை.

நீ எதையோ மறைக்கிறாய். சின்ன வயதில் என் மிதிவண்டியை உடைத்துவிட்டு இப்படித்தான் மூன்று நாள் "சாப்பிடு, சாப்பிடு" என்று பின்னாலேயே வந்தாய். எதை உடைத்தாய் என்று சொல்.

யாவோர்

வர்ணா
5 ஏப்ரல்

யாவோர்,

உன்னைத்தான் உடைத்தேன்.

வக்கீல் ஏமாற்றவில்லை. மூலக் கோப்பை நீ எழுதிய அன்றே திறந்து பார்த்தேன். ஒரு பக்கம், நீ சொன்ன மாதிரியேதான். ஆனால் பக்கத்தின் அடியில் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்குக் கீழே, சின்ன எழுத்தில் அடிக்குறிப்பு: "கையெழுத்திடுபவர், கப்பல் விற்கப்படும் வரை, அல்லது நீதிமன்றம் வேறொருவரை ஏற்கும் வரை, அதன் சட்டப்படியான காவலர் ஆவார், கப்பலை விட்டு நீங்கக் கூடாது."

என் சல்லடை அதை ரகசிய எச்சரிக்கை என்று நினைத்து வெட்டிவிட்டது. அது ஏன் நினைக்கப் போகிறது, நான் வெட்டச் சொன்னேன், வெட்டியது. பத்துக் கடிதங்களைப் போட்டுச் சோதித்தேன் என்று பீற்றிக்கொண்டேனே, அந்தப் பத்திலும் அடிக்குறிப்பு உள்ள கோப்பு ஒன்றுகூட இல்லை. அடிக்குறிப்பு என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே என் புத்தியில் வரவில்லை. இருபது வருஷமாகச் செய்கிற வேலை.

இரண்டு வாரமாகச் சொல்ல வாய் வரவில்லை. எழுதுவேன், அழிப்பேன். நீ கேட்டதால்தானே வெட்டினேன் என்றுகூட ஒரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்தேன், எனக்கே அருவருப்பாக இருந்தது, கிழித்துவிட்டேன். திட்டு. என்ன வேண்டுமானாலும் சொல், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

ராலி

பெருனிகா
21 ஏப்ரல்

ராலிட்சா,

பேசாமல் இருந்துதான் பார்த்தேன், பதினாறு நாள். கோபம் போகவில்லை, ஆனால் எனக்கு வேலை ஆக வேண்டும்.

முகவர் வழி சொன்னார். நீதிமன்றம் வேறொருவரை ஏற்றுக்கொண்டால் என்னை விடுவார்கள். கப்பலில் என்னைத் தவிர இருப்பவர் ஒருவர்தான், ஸ்தமாத். அவர் கையெழுத்துப் போட்டால், மே பத்துக்குள் நான் வீட்டில் இருப்பேன். நெவேனாவின் கையைப் பிடித்துப் படி இறங்குவேன்.

அவருக்கான தாளின் மொழிபெயர்ப்பு உன் வழியாகத்தான் வரும். பழைய சல்லடையில் போட்டு அனுப்பு.

நான் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அறுபத்து மூன்று வயது, ஒண்டிக்கட்டை, வீட்டில் ஒரு பூனைகூட இல்லை. எனக்கு மகள் இருக்கிறாள். இதைப் படித்துவிட்டு மூஞ்சியைச் சுளிக்காதே. என்னை இதற்குள் போட்டது உன் சல்லடை. வெளியே எடுப்பதும் அதுவாகவே இருக்கட்டும். இதைச் செய்துவிடு, உனக்கும் எனக்கும் கணக்குச் சரி.

யா.

வர்ணா
24 ஏப்ரல்

யாவோர்,

பழைய சல்லடை இல்லை. அழித்துவிட்டேன். இருந்திருந்தாலும் அதில் போட்டிருக்க மாட்டேன்.

ஸ்தமாத்துக்கான தாள் இதோடு வருகிறது. அடிக்குறிப்பைக் கீழே வைக்கவில்லை. தூக்கி முதல் வரியாக வைத்திருக்கிறேன், யார் கண்ணிலும் தப்பாது. உனக்குச் செய்ததை இன்னொரு மனிதனுக்குத் தெரிந்தே செய்தால், பிறகு நான் எந்த முகத்தோடு நெவேனாவுக்குச் சோறு போடுவேன்?

நான் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உனக்கு என்ன போனது என்பதன் நகல் என்னிடம் இருக்கிறது. பிப்ரவரி 25, காலை பத்து நாற்பது. அதில் அந்த வரி இல்லை. நீ பார்க்காத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டாய் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகிறேன், மாலுமிகள் சங்கத்து வக்கீல் உதவுகிறார்.

குன்செவ் ஐயாவிடம் சொன்னேன். "ராலிட்சா, முப்பது கப்பல் நம்மள நம்பி இருக்கு. சல்லடை பக்கத்த வெட்டுதுன்னு நீயே கோர்ட்ல போய் சொன்னா, நாளைக்கு ஒரு கப்பல் இருக்குமா? போறதுன்னா திரும்பி வராத" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் போகிறேன்.

ஆனால் வழக்கு ஜூனில்தான் எடுப்பார்களாம். விருந்துக்கு நீ வர முடியாது. நெவேனாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் தப்பையும் சேர்த்து. கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராலி

பெருனிகா
18 மே

அக்கா,

இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உன்னை விட்டால் யாரும் இல்லை.

நீ அனுப்பிய தாளை அச்சடித்தேன். முதல் வரி பெரிதாக உட்கார்ந்திருந்தது. அடுப்படிக்குப் போய்க் கத்திரிக்கோலை எடுத்து வந்து, அந்த வரியை மட்டும் வெட்டினேன். வெட்டிய துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சல்லடை இல்லையென்றால் என்ன, நானே சல்லடை.

மதியம் மேஜையில் அதையும், கையெழுத்துப் போட வேண்டிய மூலத்தாளையும் வைத்தேன். ஸ்தமாத் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா இது?"

"கோர்ட் தாள். கையெழுத்து வேணுமாம்."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்ப சரி. கண்ணாடி கீழ கெடக்கு, யாரு எறங்கி ஏறுறது? எங்க போடணும், காட்டு."

அவ்வளவுதான், அக்கா. நான் படித்தேன் என்றால் அவருக்குப் போதும். உன் சல்லடையில் வந்தால் எனக்குப் போதும் என்று நானும் இருந்தேனே, அதே மாதிரி. பேனாவைத் தாளில் வைத்துவிட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "போடாதீங்க" என்று சொல்லிப் பையிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தார். ரொம்ப நேரம் பிடித்தது.

"இத எப்ப வெட்டுன?"

"காலையில."

"எங் கத்திரிக்கோல்லயா?"

"ஆமா."

"அதுக்குத்தான் வந்தியா. நீ உப்பு கேக்க வந்ததா நெனச்சேன்."

அதற்குப் பிறகு நான்கு நாள் சாப்பாட்டை என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போவார். பதினான்காம் தேதி படகு வந்து அவரைக் கூட்டிப் போனது. ஏணியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தார், ஆனால் கை ஆட்டவில்லை. அடுப்படியில் ஒரு பெரிய பானை நிறையப் பீன்ஸ் சூப் வைத்துவிட்டுப் போயிருந்தார். மூடியின் மேல் அந்தக் கத்திரிக்கோல்.

இப்போது நான் ஒருவன்தான். நூற்றுப் பன்னிரண்டு காலடி. உன்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நீ தெரியாமல் வெட்டினாய், நான் தெரிந்து வெட்டினேன்.

நெவேனாவின் படம் அனுப்பு.

யாவோர்

வர்ணா
25 மே

[இணைப்பு: படம். எழுத்து எதுவும் இல்லை. நீக்கப்பட்டது.]

தம்பி,

மேலே இருப்பதைப் பார்த்தாய் அல்லவா. படம் என்றால் சல்லடைக்கு ஒன்றுமில்லை. சல்லடை இப்போது என் வீட்டுக் கணினியில் ஓடுகிறது, அலுவலகத்தில் என் நாற்காலியில் வேறு ஆள். அதனால் படத்தை நானே எழுத்தாக்குகிறேன்.

கரும்பச்சை உடை, தோள் தெரிகிறது, நீ இருந்திருந்தால் கத்தியிருப்பாய். தலைமுடியை உயர்த்திக் கட்டியிருக்கிறாள். இடது கையில் உன் பழைய கைக்கடிகாரம். பெரிதாக இருப்பதால் முழங்கைவரை ஏற்றிவிட்டிருக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவள் சிரிக்கவில்லை, காற்று அடித்ததால் கண்ணைச் சுருக்கியிருக்கிறாள். காற்றால்தான் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் பழைய நீல உடையில் நிற்கிற குண்டுப் பெண்மணி நான்.

வீடு நிறைய ஆட்கள். எதிர்வீட்டுக்காரர் எக்காளம் ஊதினார். படி இறங்கும்போது கையை நீட்டினேன், பிடிப்பாளோ மாட்டாளோ என்று எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்ட நாளிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. பிடித்தாள். மறுபக்கத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. பள்ளித் தோழன் ஒருவன் வந்தான், "அது அப்பா எடம்" என்றாள்.

பிறகு வண்டிகளில் ஏறி, வழக்கம்போல ஊர் முழுக்க ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வகுப்புக்கும் கத்திக்கொண்டு போனார்கள். எல்லோரும் பன்னிரண்டு சொன்னார்கள். இவள் பதினொன்றோடு வாயை மூடிக்கொண்டாளாம். தொண்டை கட்டிக்கொண்டதா என்று கேட்டேன். "மிச்சம் வெச்சிருக்கேன் அத்தை" என்றாள்.

ஜூன் பத்து வழக்கு. நான் போகிறேன்.

ராலி

பெருனிகா
13 ஜூன்

அக்கா,

சங்கத்து வக்கீல் எழுதியிருக்கிறார். நீதிபதி உன் நகலை ஏற்றுக்கொண்டாராம். நீ நின்று பேசினாயாம், "இது என் தப்பு" என்று மூன்று முறை சொன்னாயாம், மொழிபெயர்ப்பாளர் ஒரே முறைதான் சொன்னாராம். காவலர் வேலையைத் துறைமுக முகவரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாம். நான் அந்த வரியைப் பார்க்கவில்லை என்று ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் இறங்கிவிடலாம்.

அந்த வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பு இன்று வந்தது, உன் சல்லடை வழியாகத்தான். பத்து வரி. காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்தெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. மூலத்தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கின்றன. கை போகவில்லை, அக்கா. கடைசி வரிக்குக் கீழே திரை வெறுமையாக இருக்கிறது, அந்த வெறுமையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவுதானா? நீ சொன்னால் போடுகிறேன்.

யாவோர்

இந்தத் துறைமுகத்து விடுதியிலிருந்து
14 ஜூன்

யாவோர்,

போடாதே.

அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும், நான்கு முறை மூலத்தோடு ஒப்பிட்டேன். இருந்தாலும் என் சொல்லை நம்பிப் போடாதே. வியாழக்கிழமை காலைப் படகில் நானே வருகிறேன். சங்கத்து மொழிபெயர்ப்பாளரும் வருகிறார். உன்னிடம் இருக்கிற மூலத்தாளை முதல் எழுத்திலிருந்து பக்கத்தின் அடிவரை விரல் வைத்து வாசித்துக் காட்டுகிறோம். பிறகு போடு.

நெவேனாவும் என்னோடு இருக்கிறாள். பன்னிரண்டு பாக்கி இருக்கிறதாம், அதைக் கப்பல் மேலே ஏறித்தான் கத்துவாளாம். ஸ்தமாத்தும் வர்ணாவில் என்னைத் தேடி வந்து விசாரித்தார், உன்னைக் கத்திரிக்கோலை மறக்காமல் எடுத்து வரச் சொன்னார்.

ஏணியை இறக்கி வை.

ராலி